தரைக்கு விழுந்த அடி

இளம்பிள்ளை,
9.5.2023

அன்புள்ள தம்பி ஜெயபிரகாஷுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நம் வீட்டுக்கு இதுவரை வந்த கடிதங்கள் எல்லாம் கூட்டுறவு வங்கியும் உன் கல்லூரியும் அனுப்பியவைதான். அக்கா தம்பிக்குக் கடிதம் போடுவது உனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் போனில் உன்னோடு பேச எனக்கு வராது. நான் ஒரு சொல்லைத் தேடி எடுப்பதற்குள் நீ பேசி முடித்து வைத்துவிடுவாய். அதோடு, போன வருடம் தெருவிளக்கு எரியவில்லை என்று உன்னிடம் சத்தம் போட்ட பெரியவரின் பேச்சைப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாயே, அதிலிருந்து உன் எண் திரையில் வந்தாலே எடுக்கக் கை வருவதில்லை.

மே தினக் கிராமசபைக்காக ஊருக்கு வந்திருந்தேன். அம்மா பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஆகி மூன்று வருடம் தாண்டிவிட்டது. அவள் மைக் முன்னால் ஒரு வரி பேசி நான் பார்த்ததில்லை. இந்த முறையாவது பார்க்கலாம் என்று வந்தேன். இந்த முறையும் நீதான் பேசினாய். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் சாலம்மாள் கையில் வால்வுச் சாவியோடு பின்வாசலில் வந்து நின்றார். நீ படிக்குள்ளேயே நின்று பல் தேய்த்துக்கொண்டே பேசினாய். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. நான் கேட்டது இது.

"ஏ சாலம்மா, நாளைக்குச் சேர்மன் வாராரு. ஆபீஸ் முன்னாடி பவுண்டன் ஆள் உசரத்துக்கு எழும்போணும். டிரோன் கேமரா வேற வருது. காலனி வால்வை மூடு. நான் சொல்ற வரைக்கும் தொறக்காத."

"சாமி, காலனில குடிக்கத் தண்ணி இல்லீங்க. எங்க ஊட்டுலயே ஒரு குடந்தானுங்க இருக்குது."

"ஒருநாள் குடிக்காட்டிச் செத்தா போயிருவீங்க? போ போ."

அவர் நம் அம்மாவைவிட வயதில் மூத்தவர். உன்னைச் சாமி என்கிறார்.

மறுநாள் நீரூற்று எழும்பியது. பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, உன் தலைக்கு மேல் டிரோன். அன்று இரவே நீ நண்பர்களோடு ஏற்காட்டுக்குப் போய்விட்டாய். வால்வைத் திறக்கச் சொல்ல மறந்துபோனாய். நான்காம் தேதி காலனிக்காரர்கள் காலிக் குடங்களோடு திருச்செங்கோடு சாலையில் உட்கார்ந்தார்கள். நான் இங்கே கடையில் சேலைகளுக்கு ஆன்லைன் விவரம் எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ அந்த வீடியோவை அனுப்பினார்கள். அதில் நீ ஜீப்பின் மேல் ஏறி நின்று சொல்கிறாய்: "சாலம்மா வால்வை மூடிட்டுத் தொறக்க மறந்துட்டா. இந்த நிமிசத்துல இருந்து அவளை நிறுத்தியாச்சு."

சாலம்மாளின் வீடும் காலனியில்தான் இருக்கிறது. தன் வீட்டுக் குழாயைத் தானே அடைத்துவிட்டு, நான்கு நாள் தன் குடமும் காலியாகக் கிடக்க, அதையும் கவனிக்காமல் மறந்திருந்தாராம். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் எதுவுமே இல்லை. கன்னத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டுகிற மாதிரி சொன்னாய். எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன்.

மூடச் சொன்னது நான்தான், திறக்கச் சொல்ல மறந்ததும் நான்தான் என்று நீயே சொல்லிவிடு. சாலம்மாளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடு. வேறு யாரும் கேட்பதற்கு முன்னால் செய்.

இன்னொன்றும் கேட்க இருக்கிறது. இப்போது எழுதினால் நீ இதை விட்டுவிட்டு அதற்கு மட்டும் பதில் சொல்வாய். பிறகு எழுதுகிறேன்.

உன் அக்கா,
மஞ்சுளா


13.5.2023

அக்காவுக்கு,

நலம். உன் லெட்டர் வந்தது. நான் கார் ஓட்டிக்கொண்டிருந்ததால், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த ஜோதி படித்துக் காட்டினாள். நீ டிகிரி படித்தவள், நன்றாகத்தான் எழுதுகிறாய். மெல்லிய ஜரிகை, கண்ணைப் பறிக்கும் பார்டர் என்று சேலைக்கு எழுதுவாயே, அதே கைதான். ஆனால் பஞ்சாயத்து சேலை இல்லை.

சாலம்மாளுக்கு வந்தார், நின்றார் என்று போட்டிருந்தாய். ஜோதி அந்த இடத்தில் நிறுத்தி இரண்டு தடவை படித்துச் சிரித்தாள்.

உனக்கு ஒன்று புரியவில்லை. அன்றைக்கு ரோட்டில் அத்தனை ஜனம். பஸ் நிற்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது, எஸ்.ஐ. என்னை முறைக்கிறார். தலைவன் என்பவன் ஜனங்களுக்கு அந்த நேரத்திலேயே ஒரு பதில் சொல்ல வேண்டும். நான் ஒரு பேரைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ரோடு காலி. அதுதான் நிர்வாகம். தப்பு என்மேல்தான் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னைக் கிழித்திருப்பார்கள். சாலம்மாளுக்கு என்ன நஷ்டம்? நாலு மாதம் போனால் நானே வேறு வேலை போட்டுக் கொடுப்பேன். இதை அவளிடம் ஆள் விட்டுச் சொல்லியும் ஆகிவிட்டது. அவள் கேட்கவில்லை. யாரோ தூண்டிவிட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

24ஆம் தேதி ஒன்றிய அலுவலகத்தில் விசாரணை. அவள் சாட்சி என்று உன் பேரைப் போட்டிருக்கிறாள். ஜன்னலில் உன் தலையைப் பார்த்தாளாம். புதிதாக வந்திருக்கிற பி.டி.ஓ. ஒரு பொம்பளை, எதையும் பேசித் தீர்க்க விடமாட்டேன் என்கிறது. அதனால் சொல்கிறேன், நோட்டீஸ் வந்தால் வாங்காதே. வந்தே ஆக வேண்டும் என்றால், மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, எதுவும் காதில் விழவில்லை என்று சொல். ஒரு வரி போதும்.

எனக்கு இதில் பயம் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு மேடை ஏறி, பேரை மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தவள்தானே நீ. ஊரே சிரித்தது. அம்மா அன்றைக்கு ரொம்ப வருத்தப்பட்டாள். மறுபடியும் அவளை அப்படி வருத்தப்பட வைக்காதே.

இப்படிக்கு,
ஜெயபிரகாஷ்


இளம்பிள்ளை,
17.5.2023

தம்பிக்கு,

அம்மாவின் பெயர் அச்சடித்த தாளில் எழுதியிருக்கிறாய். மேலே நல்லம்மாள், ஊராட்சி மன்றத் தலைவர் என்று இருக்கிறது. கீழே உன் கையெழுத்து. இரண்டுக்கும் நடுவில் என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாய். அந்தத் தாளை மடித்து வைத்த பிறகு கை கழுவினேன்.

மிக்ஸி ஓடவில்லை. மிக்ஸி அந்த வாரம் ரிப்பேருக்குப் போயிருந்தது. அதனால்தான் கையால் துருவிக்கொண்டிருந்தேன். வீட்டில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பது உனக்குத் தெரிய வாய்ப்பில்லை.

சேலைக்கு எழுதுவதைச் சொன்னாய். எங்கள் கடை முதலாளி பரக்கத் அலி பாய், பாலியஸ்டர் கலந்த சேலையைப் பட்டு என்று எழுத விடமாட்டார். எழுதினால் சேலை திரும்பி வந்துவிடும், எழுதியவள் பதில் சொல்ல வேண்டும். நீ சொல்லும் நிர்வாகத்தில் எதுவும் திரும்பி வருவதில்லை போலிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. உனக்கு நினைவிருக்காது. நீ நடக்கப் பழகிய வயது. நிலைப்படியில் தடுக்கி விழுவாய். அம்மா ஓடிவந்து நிலைப்படியை அடிப்பாள். "என் சாமியைத் தள்ளி உட்டியா, இந்தா வாங்கிக்க." தரையையும் அடிப்பாள். எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். ஆனால் நீ அதில் அடங்கவில்லை. தரைக்கு வலிக்காது என்று உனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அப்புறம் அம்மா என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். "மஞ்சு, இங்க வா." முதுகில் ஒன்று வைப்பாள். பலமாக இல்லை, சத்தம் வருகிற அளவுக்கு. "அக்காளை அடிச்சாச்சு சாமி, அழுவாத." நீ அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். நான் அழுதால்தான் உனக்குத் தீரும். அதனால் அடி விழுவதற்கு முன்பே அழப் பழகிக்கொண்டேன். வேலை சீக்கிரம் முடியும்.

அம்மாவை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் பிறந்த பிறகு மூன்று வருடம் அவளுக்கு அடுத்த பிள்ளை இல்லை. அப்பா போர்வெல் வண்டியோடு ஒடிசாவுக்குப் போனால் பொங்கலுக்குத்தான் வருவார். ஊர்ப் பேச்சு அத்தனையும் அவள் ஒருத்திதான் கேட்டாள். நீ பிறந்த பிறகுதான் பங்காளி வீட்டு விசேஷங்களில் அவளை முன்னால் நிற்கக் கூப்பிட்டார்கள். உன்னால் வந்த மரியாதை, நீ அழுதால் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ.

பிறகு நீ எங்கே விழுந்தாலும் யாராவது ஒருவர் கிடைத்தார்கள். மார்க் குறைந்தபோது கணக்கு வாத்தியார். திருச்செங்கோட்டு இன்ஜினியரிங் கல்லூரியில் அரியர் சேர்ந்து நீ படிப்பை விட்டபோது அந்த லெக்சரர். அம்மா கல்லூரி கேட்டில் நின்று அவரை மண் வாரித் தூற்றினாள். உன் பைக் மின்கம்பத்தில் மோதியபோது, கம்பத்தை அங்கே நட்டதற்காக லைன்மேனைத் தேடிக்கொண்டு போனீர்கள். நான் அப்போது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. ஜீப்பின் மேல் நின்று சாலம்மாளின் பேரைச் சொல்லிவிட்டு நீ கூட்டத்தைப் பார்த்தாயே, அது எனக்குத் தெரிந்த பார்வை. அழுதுவிட்டாளா, தீர்ந்ததா என்று பார்க்கிற பார்வை.

நோட்டீஸ் வந்தது. வாங்கிவிட்டேன். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் நீ உண்மையைச் சொல்லிவிட்டால் நான் வரத் தேவையில்லை. எனக்கும் அங்கே வந்து நிற்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மஞ்சுளா


20.5.2023

அக்கா,

இதை ஜோதியிடம் கொடுக்கவில்லை. நானே படித்தேன். வெள்ளைத் தாளில் எழுதுகிறேன், கை கழுவ வேண்டியதில்லை.

நிலைப்படி கதை எனக்கு நினைவில்லை. நான் கேட்டா அம்மா உன்னை அடித்தாள்? நடக்கத் தெரியாத பிள்ளைக்கு என்ன தெரியும்? எல்லோரும் சேர்ந்து சாமி சாமி என்று தூக்கி உட்கார வைத்துவிட்டு, இப்போது சாமி சரியில்லை என்றால் நான் எங்கே போய் இறங்குவது?

நீ பஸ் ஏறிப் போய்விட்டாய். இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. முதல் மாதம் அம்மாவைத்தான் நாற்காலியில் உட்கார வைத்தேன். சத்தியமாக. வார்டு மெம்பர்கள் உள்ளே வரவே இல்லை, வாசலில் நின்றார்கள். "பொம்பள முன்னாடி கையக் கட்டிட்டு நிக்கச் சொல்றியாடா" என்று மணிமாறன் மாமா என்னைக் கேட்டார். ஆபீசர்கள் வருவார்கள், அம்மாவுக்கு வணக்கம் வைப்பார்கள், அடுத்த நிமிடம் "தம்பி எங்கம்மா?" என்பார்கள். அம்மாவும் என்னைத்தான் பார்ப்பாள். நான் உட்கார்ந்தேன். எல்லோரும் உள்ளே வந்தார்கள். ரோடு வந்தது, ரேஷன் கடைக்குக் கட்டடம் வந்தது. அதையும் எழுது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாலம்மாளை நிறுத்திய உத்தரவில் இருப்பது அம்மாவின் கையெழுத்து. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. சட்டப்படி நான் யாரும் இல்லை. நீ வாயைத் திறந்தால் இது கலெக்டர் வரை போகும். பதவி போனால் அம்மாவுக்குப் போகும். கேவலமும் அவளுக்குத்தான். என்மேல் ஒரு சிராய்ப்பும் விழாது. வக்கீலிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்ததே நீதானே. யோசித்துக்கொள்.

ஜெயபிரகாஷ்


இளம்பிள்ளை,
26.5.2023

தம்பிக்கு,

விசாரணை அறைக்குள் பிரசிடெண்டும் மனு கொடுத்தவரும் சாட்சியும் மட்டும்தான் வரலாம் என்று சொல்லி, உன்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நடந்ததை அம்மா உன்னிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் எழுதுகிறேன்.

உன் போன கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்று காலை வரை யோசித்தேன். போகாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். கேவலமும் அவளுக்குத்தான், என்மேல் ஒரு சிராய்ப்பும் விழாது என்று அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த வரியை மறுபடி படித்த பிறகுதான் பஸ் ஏறினேன். பெற்றவளையே முன்னால் நிறுத்திவிட்டு அதை வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட மனது எப்படிப்பட்டது என்று யோசித்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

முதலில் என்னைக் கேட்டார்கள். எனக்குக் குரலே எழும்பவில்லை. "சத்தமா சொல்லும்மா, ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார் பி.டி.ஓ. நீ சொன்ன பேச்சுப் போட்டி நினைவுக்கு வந்தது. "ஃபேனை நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார்கள். நான் ஒன்று சொல்லி இன்னொருவர் அதைச் செய்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டதை, நீ பல் தேய்த்தது உட்பட, அப்படியே சொன்னேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "எம்பையன் ஒண்ணும் சொல்லலீங்க. நாந்தான் மூடச் சொன்னேன்" என்றாள்.

சாலம்மாள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். "ஏனுங்கம்மா, நீங்க எப்பங்க எங்கிட்டப் பேசுனீங்க? நீங்க பிரசிடெண்டான நாள்ல இருந்து நான்தானுங்க தண்ணி உடறேன். ரெண்டாந்தேதி உங்க ஊட்டுக்கு வந்து, சாமி போனு எடுக்கலீங்க, தொறந்து உடட்டுங்களான்னு கேட்டேன். 'அவன் ஏற்காட்டுல இருந்து வரட்டும்'னீங்க. இத்தன வருசத்துல நீங்க எங்கிட்டப் பேசுனது அது ஒண்ணுதானுங்க."

பி.டி.ஓ. எழுதுவதை நிறுத்திவிட்டார். "ஏம்மா, நீங்கதான் பிரசிடெண்ட். காலனிக்குத் தண்ணி தொறன்னு சொல்றதுக்கு யாரு வரணும்?"

அம்மா கதவைப் பார்த்தாள். நீ கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாய். மூன்று வருடமாக எந்தக் கேள்விக்கும் அவள் பார்த்த திசை அதுதான். அப்போது எனக்கு அவள்மீதும் அருவருப்பாக இருந்தது, அதை நினைத்து என்மீதும். அந்த முகத்தை ஏன் பார்த்தோம் என்று இருந்தது.

மூன்று பேரும் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். சாலம்மாள் உடனே வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரிடமிருந்து நீ பிடுங்கி வைத்திருக்கும் வால்வுச் சாவியை நீயே கொடுத்துவிடு, உன் ஆட்களிடம் கொடுத்து அனுப்பாதே. அம்மாவின் விஷயத்தைக் கலெக்டருக்கு எழுதுகிறார்கள். என்ன ஆகும் என்று தெரியவில்லை. நீ சொன்னபடி அடி அவளுக்குத்தான் விழலாம். ஆனால் யார் சொல்லி மூடினார்கள் என்ற இடத்தில் இப்போது உன் பெயர் இருக்கிறது.

வெளியே வந்ததும் அம்மா உன்னைப் பார்த்தாள். சாப்பிடாத முகம். நீ அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "எம்பேரு வந்துச்சா?" நான் பின்னால்தான் நின்றிருந்தேன். அம்மா தலையை ஆட்டினாள், உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி. பிறகு உன் காரில் ஏறிப் போனாள். என்னிடம் பேசவில்லை. நேற்றும் இன்றும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இனிமேல் அந்த வீட்டுக்கு நான் வருவது கஷ்டம்தான். அது தெரிந்துதான் பேசினேன்.

நீ எழுதியதில் ஒன்று சரி. நடக்கத் தெரியாத பிள்ளைக்கு எதுவும் தெரியாதுதான். உன்னை அப்படி ஆக்கியது அம்மாவும், வாசலில் நின்ற மெம்பர்களும், தம்பி எங்கே என்று கேட்ட ஆபீசர்களும், அடிக்கு முன்பே அழுத நானும்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உனக்கு இப்போது இருபத்தேழு வயது.

முதல் கடிதத்தில் ஒன்று பிறகு கேட்கிறேன் என்று எழுதியிருந்தேன். மே தினத்தன்று சாயங்காலம் நீரூற்றைச் சுற்றிப் போட்ட ஈர டைல்ஸில் உன் மகன் வளவன் வழுக்கி விழுந்தான். ஜோதி ஓடிவந்து டைல்ஸை அடித்தாள். அவன் அடங்கவில்லை. ஜோதி திரும்பிப் பார்த்தாள். அவள் கூப்பிடவே இல்லை. அதற்குள் உன் மூத்தவள் சத்யபிரியா, ஐந்து வயதுக் குழந்தை, கையிலிருந்த ஐஸ்கிரீமை ஓரமாக வைத்துவிட்டு, தானாக வந்து, தம்பிக்கு முன்னால் திரும்பி நின்று முதுகைக் காட்டினாள். அடி விழுவதற்கு முன்பே முகத்தை அழுகிற மாதிரி வைத்துக்கொண்டாள். நீ சிரித்துக்கொண்டே அதைப் போனில் வீடியோ எடுத்தாய்.

உன்னிடம் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அடுத்த முறை வளவன் விழுந்தால் யாரையும் அடிக்காதீர்கள். அவன் அழட்டும். தானாக நிறுத்துகிற வரைக்கும் அழட்டும். சத்யபிரியா முதுகைக் காட்டிக்கொண்டு வந்தால், போய் ஐஸ்கிரீமைச் சாப்பிடு என்று சொல்லி அனுப்பு.

மஞ்சுளா